நெட்டுக்குப்பம் கட்டும் 18 சதவீதம்

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு, மாதம் 399 ரூபாய் என்று விளம்பரம் சொல்கிறது. பில் 470 ரூபாய் 82 காசுக்கு வருகிறது. நடுவில் ஏறிய 71 ரூபாய் 82 காசு, 18 சதவீத ஜி.எஸ்.டி. அதில் பாதி ஒன்றிய அரசுக்கு, பாதி தமிழக அரசுக்கு. பன்னிரண்டு மாதத்துக்குக் கூட்டினால் 861 ரூபாய் 84 காசு. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது கண்ணில் படாத தொகை. எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் அப்படிச் சொல்ல முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்காக மாநில அரசு ஒரு மீனவக் குடும்பத்துக்குத் தரும் நிவாரணம் 8,000 ரூபாய். அந்த நிவாரணத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கூடுதலான தொகை, ஓர் ஆண்டு இணைய பில்லின் வரியாக மட்டுமே போய்விடுகிறது. இந்த வரி எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விகிதத்தில்தானே இருக்கிறது, பிறகென்ன அநியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. விகிதம் ஒன்றாக இருந்தாலும் சுமை எல்லாத் தோளிலும் ஒன்றாக இறங்குவதில்லை என்பதும், சுமை எங்கே இறங்குகிறது என்பதைப் பார்க்காமல் வெறுமனே விகிதத்தைக் குறைத்தால் போட்டியில் ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருக்கும் சின்ன நிறுவனங்கள்தான் முதலில் விழும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல்., ஆக்ட், தெருமுனை கேபிள்காரர் மூலம் இணைப்புத் தரும் சிறு நிறுவனம் என்று யாரிடம் வாங்கினாலும் பில்லில் வரி 18 சதவீதம்தான். கம்பியில் வந்தாலும் காற்றில் வந்தாலும் அதே விகிதம். இது தானாக அமைந்த நிலை அல்ல. இந்தியாவில் சேவை வரி 1994 ஜூலையில் அறிமுகமானபோது அது விழுந்த முதல் மூன்று சேவைகளில் தொலைபேசியும் ஒன்று. விகிதம் 5 சதவீதம். சேவைக்கு வரி போடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம், பொருள் விற்பனைக்கு வரி போடும் அதிகாரம் மாநிலங்களிடம். தொலைபேசி பில் கோடிக்கணக்கில் பெருகப் பெருக, மாநிலங்களின் வணிகவரித் துறைகளுக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும் என்ற ஆசை வந்தது. சேவைக்குள் எங்காவது ஒரு பொருள் ஒளிந்திருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்கள். சிம் கார்டு பொருள் என்றார்கள். தொலைபேசி இணைப்பே ஒரு பொருளைப் பயன்படுத்தும் உரிமையைக் கைமாற்றுவது என்றார்கள். 2003-ல் உத்தரப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றுக்கொண்டது. மூன்றாண்டு கழித்து, 2006 மார்ச் 2 அன்று, பி.எஸ்.என்.எல். வழக்கில் நீதிபதி ரூமா பால் தலைமையிலான மூவர் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. மின்காந்த அலை பொருளும் அல்ல, அதைச் சந்தாதாரருக்கு யாரும் விற்பதும் இல்லை என்றது.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. அலை போனால் ஒளி இருக்கிறதே என்று கிளம்பியது கர்நாடக வணிகவரித் துறை. ஃபைபர் கேபிளுக்குள் லேசரால் உண்டாக்கப்படும் ஒளி, ‘செயற்கையாக உருவாக்கப்பட்ட ஒளியாற்றல்’ என்னும் பொருள். மின்சாரம் எப்படிப் பொருளோ அப்படி. அந்த ஒளியைத் தயாரித்து வாடிக்கையாளருக்கு விற்கிறது ஏர்டெல். ஆகவே அதன்மேல் மதிப்புக் கூட்டு வரி கட்ட வேண்டும் என்பது துறையின் வாதம். அதே பில்லுக்கு நிறுவனம் ஏற்கெனவே ஒன்றிய அரசுக்குச் சேவை வரி கட்டிக்கொண்டிருந்தது. 2011-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் இதை அடித்துப் போட்டது. ஒளி செய்தியைச் சுமந்து செல்லும் வாகனமே தவிர, வாடிக்கையாளர் கையில் போய்ச் சேரும் சரக்கு அல்ல என்றது. படிக்க வேடிக்கையாக இருக்கும் இந்த வழக்கில் போட்டி குறித்த ஆபத்து ஒன்று இருந்தது. அந்த வாதம் வென்றிருந்தால், ஃபைபரில் இணையம் தருபவர் இரட்டை வரி கட்டுவார். செம்புக் கம்பியிலோ அலையிலோ தருபவர் ஒற்றை வரியோடு தப்பிப்பார். வாடிக்கையாளருக்குக் கிடைப்பது இரண்டிலும் அதே இணையம்.

அமெரிக்காவில் இது நடந்தே விட்டது. அங்கே 1998-ல் இணைய இணைப்புக்கு மாநிலங்கள் புதிதாக வரி போடக் கூடாது என்று ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. ஆனால் தொலைத்தொடர்புச் சேவை அந்த விலக்குக்குள் வரவில்லை. தொலைபேசிக் கம்பி வழியே வந்த டி.எஸ்.எல். இணையத்தைத் தொலைத்தொடர்பு என்று சொல்லிச் சில மாநிலங்கள் வரி வசூலித்தன. பக்கத்து வீட்டுக்கு டி.வி. கேபிள் வழியே வந்த இணையத்துக்கு வரி இல்லை. 2004-ல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். 2016-ல் அந்தத் தடை நிரந்தரமானது. இணைய வரி பற்றிப் பேசும் எவரும் மனத்தில் வைக்க வேண்டிய பாடம் இது: சலுகை கொடுத்தால் சேவைக்குக் கொடுக்க வேண்டும், அது வரும் பாதைக்குக் கொடுக்கக் கூடாது. நம் நாட்டில் 2017 ஜூலை 1 முதல் வந்த ஜி.எஸ்.டி., பொருளா சேவையா என்ற பழைய சண்டையை இணையத்தைப் பொறுத்தவரை ஒரே அடியில் முடித்துவைத்தது. அன்றுவரை 15 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது என்பது வேறு கதை.

இனி சுமைக்கு வருவோம். ஜி.எஸ்.டி.யின் உயிர்நாடி இன்புட் கிரெடிட். ஒரு நிறுவனம் வாங்கும்போது கட்டிய வரியை, தான் விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொண்டு மிச்சத்தை அரசுக்குக் கட்டினால் போதும். எண்ணூரில் லாரி தயாரிக்கும் அசோக் லேலண்ட் தொழிற்சாலையின் இணைய பில்லிலும் 18 சதவீதம் இருக்கும்; லாரி விற்கும்போது வசூலிக்கும் வரியில் அது கழிந்துவிடும். கொஞ்ச நாளைக்குப் பணம் முடங்கியிருக்கும், அவ்வளவுதான். வீட்டு இணைப்புக்காரருக்குக் கழிக்க எதுவும் இல்லை. ஆக, எல்லாரும் கட்டுவதாகத் தோன்றும் இந்த வரியை உண்மையில் கடைசிவரை சுமப்பது பெரும்பாலும் வீடுகளே. நுகர்வு வரி என்றால் அப்படித்தான் என்று பொருளியல் படித்தவர்கள் சொல்வார்கள். சரி, ஆனால் நெட்டுக்குப்பத்து வீடு வெறும் நுகர்வோர் வீடா? ஃபைபர் படகு வைத்திருப்பவருக்கு அந்த இணைப்பு தொழில் கருவியும்கூட. கடல் நிலை எச்சரிக்கையும், மீன் எங்கே சேரும் என்று ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் அறிவிப்பும், காசிமேட்டில் இன்றைக்கு என்ன விலை போகிறது என்ற பேச்சும் அதில்தான் வருகின்றன.

இங்கேதான் ஒரு விசித்திரம். பதப்படுத்தாத மீனுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மீனவருக்குச் சலுகை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சட்டப்படி, வரி விலக்குப் பெற்ற பொருளை விற்பவர் தான் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. வலைக்கும் ஐஸ்கட்டிக்கும் கட்டும் 5 சதவீதம், செல்போனுக்குக் கட்டும் 18, இணையத்துக்குக் கட்டும் 18 எல்லாமே அவர் மேலேயே நின்றுவிடும். ஜி.எஸ்.டி. பதிவு எண் வாங்கினாலும் பயனில்லை. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வடசென்னை அனல் மின் நிலையத்துக்கும் இந்த ஒரு விஷயத்தில் அதே கதிதான், மின்சாரமும் ஜி.எஸ்.டி. விலக்குப் பெற்ற சரக்கு. ஆனால் மின் நிலையம் தன் செலவைக் கணக்குக் காட்டி, ஒழுங்குமுறை ஆணையம் வழியாக மின் கட்டணத்தில் ஏற்றிக்கொள்ளலாம். மீனவர் விற்பது ஏலத்தில். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். என் இணைய பில்லில் வரி ஏறியிருக்கிறது, கூடைக்குப் பத்து ரூபாய் சேர்த்துக் கொடு என்று ஏலம் கூறுபவரிடம் சொல்ல முடியாது. விலையைத் தீர்மானிக்கும் வலிமை இல்லாத இடத்தில்தான் வரி போய் உட்காரும். மேசையில் எழுதிய விகிதம் எதுவாக இருந்தாலும் அது மாறுவதில்லை.

இந்த நியாயம் தமிழக அரசுக்குத் தெரியாததும் அல்ல. மீன்பிடிப் படகுகளுக்கு விற்பனை வரி விலக்களித்த டீசல் பல ஆண்டுகளாக வழங்கப்படுகிறது. 2023 ஆகஸ்டில் முதல்வர் அறிவித்தபடி, விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த அளவு 19,000 ஆனது. இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் 4,400 ஆனது. தொழிலுக்கு இன்றியமையாத ஓர் இடுபொருளின் வரியை மீனவரால் வேறு யார் தலையிலும் இறக்கிவைக்க முடியாது, ஆகவே அரசே அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் தர்க்கம். ஜி.எஸ்.டி. வளையத்துக்கு வெளியே டீசல் இருப்பதால் மாநிலத்தால் அதைத் தனியாகச் செய்ய முடிந்தது. இணையம் வளையத்துக்குள் இருக்கிறது. தர்க்கம் ஒன்றே, அதிகாரம்தான் இடம் மாறிவிட்டது.

இணையத்தையும் டீசலையும் ஒன்றாக வைப்பதா, அதில் பாதி நேரம் சினிமாவும் ரீல்ஸும்தானே என்ற ஆட்சேபம் உடனே வரும். அப்படியே வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில் 100 ரூபாய் வரையிலான சினிமா டிக்கெட்டுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தியேட்டரில் பார்த்தால் 5, வீட்டில் பார்த்தால் 18 என்பது எந்தக் கணக்கு? அதே மாற்றத்தில் ஏ.சி. இயந்திரமும் பெரிய திரை டி.வி.யும் 28-லிருந்து 18-க்கு இறங்கின. நோட்டுப் புத்தகம் வரியே இல்லாத பட்டியலுக்குப் போனது. இணைய பில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏ.சி. வாங்குவதும் இணைப்பு வாங்குவதும் இன்று வரிச் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். மறுபக்கம், அரசு தன் வேலைகளை ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாற்றிக்கொண்டே போகிறது. சாதிச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் ஆன்லைன். தன்னிடம் வர ஒரே வாசலை வைத்துவிட்டு, அந்த வாசலுக்கு ஆடம்பரப் பொருளின் விகிதத்தில் நுழைவுக் கட்டணம் வாங்குவதை எந்தப் பொருளியலாலும் நியாயப்படுத்த முடியாது.

வரி என்ற பெயரில் இல்லாத இன்னொரு வரியும் உண்டு: உரிமக் கட்டணம். 1998 நவம்பரில் இணையச் சேவை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டபோது முதல் ஐந்தாண்டுக்குக் கட்டணமே இல்லை. பிறகு ஆண்டுக்கு ஒரே ஒரு ரூபாய். அந்தத் தளர்வில் நூற்றுக்கணக்கானோர் உரிமம் வாங்கினார்கள். பின்னாளில் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 8 சதவீதம் என்று விதி மாறியது. வெறும் இணைய இணைப்பால் வரும் வருவாய்க்குப் பழைய உரிமத்தில் கட்டணம் இருக்கவில்லை. 2013-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த உரிமத்தில் இருந்தது. ஒரே தெருவில் ஒரே சேவையைத் தரும் இரண்டு நிறுவனங்கள், உரிமம் வாங்கிய ஆண்டைப் பொறுத்து இரண்டு விதமாக அரசுக்குக் கட்ட வேண்டிய நிலை. டி.எஸ்.எல்.லுக்கும் கேபிளுக்கும் அமெரிக்காவில் நடந்த அதே கதை, வேறு உடையில். சேவையாளர்கள் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2019 அக்டோபரில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதே மாதம் 24-ம் தேதி உச்ச நீதிமன்றம் பெரிய நிறுவனங்களின் வருவாய்க் கணக்கு வழக்கில் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. அதன் வேகத்தில், ஓர் இணைய உரிமம் கையில் இருந்த குற்றத்துக்காக, எரிவாயு விற்கும் கெயில் நிறுவனத்திடம் 1.72 லட்சம் கோடி ரூபாய் கேட்கும் அளவுக்குப் போனது தொலைத்தொடர்புத் துறை. பிறகு உச்ச நீதிமன்றத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பொதுத்துறை நிறுவனங்கள் மீதான கோரிக்கையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது, நிவாரணம் எந்தத் திசையில் ஓடியது என்பது. வோடஃபோன் ஐடியா கட்ட முடியாத பாக்கியை அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டது: 2023-ல் 16,133 கோடி, 2025-ல் 36,950 கோடி. இன்று அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 49 சதவீதம் அரசுடையது. பி.எஸ்.என்.எல்.லுக்கு 2019, 2022, 2023 ஆண்டுகளில் மூன்று மறுசீரமைப்புத் தொகுப்புகள். 2022-ல் அறிவித்தது மட்டும் 1.64 லட்சம் கோடி. நான் இவற்றை எதிர்க்கவில்லை. நான்கு நிறுவனங்கள் இரண்டாகச் சுருங்கினால் நாளைக்கு விலை எங்கே போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் போட்டியைக் காப்பதற்காக என்று சொல்லிச் செலவிடும் அரசு, உண்மையில் போட்டி உயிரோடு இருக்கும் இடத்தைக் கவனிக்கவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 2021 ஆகஸ்ட் பரிந்துரையில், கம்பி வழி பிராட்பேண்ட் வருவாய்க்குக் குறைந்தது ஐந்தாண்டு உரிமக் கட்டண விலக்குத் தரலாம் என்று எழுதியிருக்கிறது. நாட்டில் 90 கோடிக்கு மேற்பட்ட பிராட்பேண்ட் சந்தாக்களில் கம்பி வழி வருபவை 4 கோடிச் சொச்சம் மட்டுமே. எல்லாச் சந்தாக்களிலும் பாதி ஒரே நிறுவனத்திடம் இருக்கின்றன. மிச்சத்தில் பெரும்பகுதி இன்னொன்றிடம்.

வரியைக் குறைத்தால் பலனை நிறுவனங்கள் விழுங்கிவிடும் என்பது இருப்பதிலேயே வலுவான ஆட்சேபம். 2017 நவம்பரில் உணவகங்களுக்கு வரி 18-லிருந்து 5 ஆனபோது, பல இடங்களில் மெனு விலையை ஏற்றி மொத்தத் தொகையைப் பழையபடியே வைத்துக்கொண்டார்கள். பெயர்பெற்ற பர்கர், பீட்ஸா கடைகளை நடத்தும் நிறுவனங்கள் மீதே கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. ஆணையமும் இப்போது இல்லை. அதன் வேலை 2022 டிசம்பரில் போட்டி ஆணையத்திடம் போனது, 2025 ஏப்ரலிலிருந்து புதுப் புகார்கள் ஏற்கப்படுவதும் நின்றுவிட்டது. ஆகவே, செல்போன் ரீசார்ஜுக்கு வரியைக் குறைக்கச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. 2024 ஜூலையின் முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக 10 முதல் 27 சதவீதம்வரை கட்டணத்தை ஏற்றின. சேர்ந்து ஏற்றத் தெரிந்த சந்தையில் வரிக் குறைப்பு எவர் பைக்குப் போகும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. வீட்டு இணைப்பின் நிலைமை வேறு. அங்கே பெரிய நிறுவனங்களோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமதாரர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். தெருவில் இரண்டாவது கேபிள்காரர் இருந்தால் முதலாமவர் வரிக் குறைப்பை மறைத்துவைக்க முடியாது. வரிக் குறைப்பு நுகர்வோரிடம் போய்ச் சேருமா என்பதைத் தீர்மானிப்பது ஆணையத்தைவிட, தெருவில் இருக்கும் இரண்டாவது ஆள்தான்.

அப்படியானால் வீட்டு இணைப்புக்கு 5 சதவீதம் என்று அறிவித்துவிடலாமா? இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எல்லாரும் தாண்டிப் போய்விடும் பள்ளம். மாதம் 400 ரூபாய்க்கு இணைப்பு விற்கும் நிறுவனம் 5 சதவீத வரியாக வசூலிப்பது 20 ரூபாய். அது மேலிருந்து பேண்ட்வித் வாங்குகிறது, கருவி வாங்குகிறது, கம்ப வாடகை கொடுக்கிறது. இவற்றுக்கு 18 சதவீதம். இத்தகைய செலவு 111 ரூபாயைத் தாண்டினால், கட்டிய வரி வசூலித்த வரியைவிட அதிகமாகிவிடும். மிச்ச கிரெடிட் கணக்கில் தேங்கும். இப்படித் தேங்குவதை அரசு திருப்பித் தர விதி உண்டு, ஆனால் வாங்கிய இடுபொருள்களுக்கு மட்டும்; வாங்கிய சேவைகளுக்குக் கிடையாது. இந்தப் பாகுபாடு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020-ல் சொன்னது. குஜராத் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2021 செப்டம்பரில் வி.கே.சி. செருப்பு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் சென்னையின் பக்கம் நின்றது. சொந்தமாகக் கடலடிக் கேபிளும் நாடு தழுவிய ஃபைபரும் வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பேண்ட்வித் உள்வீட்டுச் சங்கதி. அதோடு தேங்கிய கிரெடிட்டை மற்றத் தொழில்களின் வரியில் கழித்துக்கொள்ள வழியும் உண்டு. பேண்ட்வித்தை விலைக்கு வாங்கி விற்கும் சிறு நிறுவனத்துக்குச் சேவைதான் பெரிய செலவு. விகிதத்தை மட்டும் குறைத்து இந்த விதியைத் தொடாமல் விட்டால், குப்பத்து வீட்டின் பில் குறையும், அந்தப் பில்லைக் குறைவாக வைத்திருக்கக் காரணமான சின்னப் போட்டியாளர் மூச்சுத் திணறுவார். வரியே வேண்டாம், பூஜ்ஜியம் ஆக்கு என்பவர்களுக்கும் இதே பதில். பூஜ்ஜியம் என்றால் கிரெடிட் முழுவதும் போய்விடும், அந்தச் செலவு விலைக்குள் ஏறிக்கொள்ளும். மீனவருக்கு நேர்வது போலவே. 5 சதவீதமும், சேவைகள் மீதான கிரெடிட்டுக்கும் பணம் திருப்பித் தரும் விதியும் ஒன்றாக வர வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் தரப்பிலிருந்து வரும் முணுமுணுப்பு ஒன்று: நாங்கள் ஒழுங்காகப் பில் போடுகிறோம், தெருமுனை கேபிள்காரர் கையில் காசு வாங்கிக்கொண்டு பில் இல்லாமல் இணைப்புத் தருகிறார், இது எந்த ஊர் போட்டி? இதில் பாதி உண்மை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் சேவையாளர் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை. மாதம் 500 ரூபாய் என்று வைத்தால் அது 333 இணைப்புகள். ஆனால் அவர் பேண்ட்வித் வாங்கும்போது கட்டிய 18 சதவீதம் அவருக்குத் திரும்பக் கிடைக்காது என்பதால் அவருடைய லாபம் தோன்றும் அளவுக்குப் பெரிதல்ல. பெரும்பாலான கேபிள்காரர்கள் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் முகவராகத்தான் இருக்கிறார்கள். பில் நிறுவனத்தின் பெயரில் வருகிறது. எஞ்சிய மறைவு வியாபாரத்துக்கு 18 சதவீத விகிதமே தூண்டில். 5 ஆனால் மறைப்பதற்கான காரணமும் சுருங்கும். முணுமுணுப்பவர்கள் தங்கள் விளம்பரத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும். செல்போன் ரீசார்ஜில் 299 என்றால் வரியோடு 299. வீட்டு ஃபைபரில் 399 என்றால் வரி தனி. ஒரே நிறுவனம், ஒரே வாடிக்கையாளர், இரண்டு விதமான விலைப் பலகை. வரியை உள்ளடக்கிய விலையைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும் என்று ட்ராய் ஓர் உத்தரவு போட்டால், எவர் விலை உண்மையில் குறைவு என்பது குப்பத்திலும் தெரியும்.

அரசுக் கஜானா என்ன ஆவது என்ற கேள்விக்கு விலை வரம்பு பதில் சொல்கிறது. 100 ரூபாய் டிக்கெட், 7,500 ரூபாய் ஓட்டல் அறை, 2,500 ரூபாய் ஆடை என்று விலையை வைத்து விகிதம் பிரிப்பது ஜி.எஸ்.டி.க்குப் புதிதல்ல. மாதம் 500 ரூபாய்க்கு உட்பட்ட வீட்டு இணைப்புக்கு 5, அதற்கு மேல் 18 என்றால், அடையாறில் ஓ.டி.டி. தொகுப்போடு 1,500 ரூபாய்க்கு வாங்குபவருக்குச் சலுகை போகாது. வரம்புக்கு அருகே எல்லாரும் 499-ல் வந்து குவிவார்கள் என்பார்கள். குவியட்டுமே, தொடக்க விலைத் திட்டங்களில் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கப் போட்டி வந்தால் யாருக்கு நஷ்டம்? நிபந்தனை ஒன்று மட்டும் தளரக் கூடாது. ஃபைபர், கேபிள், மாடியில் சிறு பெட்டி வைத்து 5ஜி அலையில் தரும் ஏர்ஃபைபர் என எல்லா வகை வீட்டு இணைப்புக்கும் அதே வரம்பு, அதே விகிதம்.

டெல்லியில் ஆக வேண்டியவை இவை. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் முடிவெடுக்க முக்கால் பங்கு வாக்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு எடை ஒன்றிய அரசிடம் இருப்பதால் அது இசையாமல் எதுவும் நகராது. ஆனால் சென்னையிலேயே ஆகக்கூடியவையும் இருக்கின்றன. தெருவில் கேபிள் போக மாநகராட்சிக்குக் கட்டும் தடவாடகை கிலோமீட்டர் கணக்கு. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம் எல்லாம் பாதை முடியும் இடங்கள். அதற்கப்பால் ஆறும் கடலும். தியாகராய நகரில் ஒரு கிலோமீட்டர் கேபிளுக்கு எத்தனை வாடிக்கையாளர், இங்கே எத்தனை என்று கணக்குப் போடும் எந்த நிறுவனமும் கடைசிக் கம்பத்தோடு நின்றுவிடும். நீளத்துக்குப் பதில் இணைப்பு எண்ணிக்கையை வைத்து வாடகை வாங்கினால் இந்தக் கணக்கு மாறும். அரசின் இணையத் திட்டங்களும் இந்தக் குப்பங்களைத் தொடவில்லை. ஒன்றிய அரசின் கிராம ஃபைபர் திட்டமான பாரத்நெட் வழியாகத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் இணைப்பது 12,525 கிராம ஊராட்சிகளை. கத்திவாக்கம் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததால் குப்பங்கள் கணக்கில் மாநகரம். கிராமத்துக்கான ஃபைபர் வராது, மாநகரத்துக்கான போட்டியும் வராது.

இதற்கு ஒரு வழி இப்போது திறந்திருக்கிறது. நிறுவனங்கள் வருவாயிலிருந்து கட்டும் 8 சதவீத உரிமக் கட்டணத்தில் 5 சதவீதப் புள்ளி, சேவை எட்டாத இடங்களுக்கான நிதிக்குப் போகிறது. நெட்டுக்குப்பத்துக்காரர் கட்டும் பில்லிலும் அந்தப் பங்கு உண்டு. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப் பெயர் வைத்ததோடு, கிராமங்களுடன் சேவை குறைந்த நகர்ப்புறங்களுக்கும் அதைச் செலவிடலாம் என்று எழுதியிருக்கிறது. கேட்பதற்கு மாநில அரசுக்கு வேண்டியது ஆதாரம். எண்ணூர்க் குப்பங்களில் எத்தனை வீடுகள், எத்தனைக்குக் கம்பி இணைப்பு, ஒவ்வொரு தெருவிலும் எத்தனை நிறுவனங்கள், யார் என்ன விலைக்குத் தருகிறார்கள் என்ற கணக்கெடுப்பை மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலம் சில வாரங்களில் முடித்துவிடலாம். நிதி கேட்கும் விண்ணப்பத்திலும், கவுன்சில் கூட்டத்துக்குத் தமிழக நிதியமைச்சர் கொண்டுபோகும் கோப்பிலும் முதல் தாளாக அதைத்தான் இணைக்க வேண்டியிருக்கும்.